நாற்பத்தொன்றாம் படம்

ஜூரி அறைக்குள் என்ன பேசினோம் என்று நான் சொல்லமாட்டேன். சாகும்வரை சொல்லக் கூடாது என்று சட்டம். என் மனைவி க்ளெனிஸ் முப்பத்து நாலு வருடமாக என் வாயிலிருந்து எதையும் பிடுங்கிவிடுகிறவள். அவளாலேயே முடியவில்லை. அதனால் அறைக்குள் இருந்தவர்களை விட்டுவிட்டு, அங்கே இல்லாமல் போன ஒருத்தியைப் பற்றிச் சொல்கிறேன். அதற்கும் தடை இருக்கிறது என்றால் வந்து பிடித்துக்கொண்டு போகட்டும். ரஸ் ட்ரெம்பாத்தின் டயர் கடை எங்கே என்று கின்ராஸில் யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள்.

அவள் பெயர் மெர்ல் பாஸ்கோ. வயது அறுபத்தொன்று. ஊரின் மேற்குக் கோடியில் இருக்கும் முதியோர் இல்லத்தில், சலவைக்கூடத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவள். காலை ஆறு மணிக்குப் போனால் மதியம் இரண்டு வரை அவளும் நாலு இயந்திரங்களும்தான். நர்சுகள் அழுக்குத் துணி வண்டியைக் கதவுக்குள் தள்ளிவிட்டு அப்படியே போய்விடுவார்கள். அங்கே இருக்கும் கிழவர் கிழவிகளில் பாதிப் பேரின் முகம் அவளுக்குத் தெரியாது, சட்டைக் காலரில் தைத்த பெயர்தான் தெரியும். யாருடைய துணியாவது ஒரு வாரம் வராவிட்டால் அவர் போய்விட்டார் என்று புரிந்துகொள்வாள். யாரும் வந்து சொல்லமாட்டார்களாம்.

புருஷன் மீன் பிடிக்க குவீன்ஸ்லாந்து போகிறேன் என்று போனான். போய்ப் பத்தொன்பது வருடம் ஆகிறது. அவ்வளவு மீன் அங்கே இருக்கிறது போலிருக்கிறது. மகன் பிரென்ட் பெர்த்தில் சுரங்க வேலை. ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான், சில ஞாயிறுகளில் மறந்துவிடுவான். அவன் மறக்கிற வாரத்தில் சனி மதியத்திலிருந்து திங்கள் காலை வரை என் குரலை நானே கேட்டிருக்கமாட்டேன் என்று ஒருமுறை சொன்னாள். புகாராகச் சொல்லவில்லை. வானிலை சொல்வதைப்போலச் சொன்னாள்.

கின்ராஸில் ஜூரிக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தால் எல்லாருக்கும் திடீரென்று முதுகுவலி வந்துவிடும். நானும் கடையைக் காரணம் காட்டி ஜட்ஜம்மாவிடம் கெஞ்சிப் பார்த்தேன், பலிக்கவில்லை. மெர்ல் எந்தக் காரணமும் சொல்லவில்லை. ஏன் என்று முதல் வாரத்தில் கேட்டேன்.

"என்னை வரச் சொல்லி எழுதியிருந்தாங்களே, ரஸ். எப்படிப் போகாம இருக்கிறது?" என்றாள்.

வழக்கு எது என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். க்ரெய்க் மெனாடு, ஃபுட்டி என்று நாங்கள் சொல்லும் எங்கள் ஊர்க் கால்பந்தில் கின்ராஸ் கிளப்பின் பயிற்சியாளன், இரண்டு வருடம் தொடர்ந்து கோப்பை வாங்கிக் கொடுத்தவன். அவன் மனைவி டானியா ஆகஸ்ட் மாதக் குளிரில் நீர்த்தேக்கத்தில் பிணமாகக் கிடந்தாள். அவன்தான் தள்ளினான் என்று அரசு சொன்னது. மெல்போர்னிலிருந்து டிவி வண்டிகள் வந்து நீதிமன்றத்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றன. பாதி ஊருக்கு அவனைத் தெரியும் என்பதால் அந்தப் பாதியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எனக்கு ஃபுட்டி என்றாலே ஆகாது. மெர்லுக்கு யாரையுமே தெரியாது. நாங்கள் இரண்டு பேரும் மாட்டிக்கொண்டோம்.

பன்னிரண்டு பேருக்குப் பதில் பதினாலு பேரை எடுத்தார்கள். முதல் நாளே ஜட்ஜம்மா விளக்கிவிட்டார். "இது நீண்ட வழக்கு. நடுவுல யாருக்காவது உடம்பு சரியில்லாம போகலாம். அதனால ரெண்டு பேரைக் கூடுதலா எடுத்திருக்கோம். கடைசி வரைக்கும் பதினாலு பேரும் இருந்தீங்கன்னா, முடிவெடுக்கப் போறதுக்கு முன்னால ஒரு பெட்டியில எண்களைப் போட்டு ரெண்டை எடுப்போம். அந்த ரெண்டு பேரும் வீட்டுக்குப் போகலாம். ஜூரித் தலைவரோட எண்ணை மட்டும் பெட்டியில போடமாட்டோம்."

கேட்டோம், தலையாட்டினோம், மறந்தோம். ஒன்பது வாரம் நடந்தால் யாருக்குத்தான் ஞாபகம் இருக்கும்? கொலை வழக்கில் பன்னிரண்டு பேரும் ஒரே முடிவாகச் சொல்ல வேண்டும், ஒருத்தர் மாட்டேன் என்றாலும் அவனைக் குற்றவாளி என்று சொல்ல முடியாது என்றும் சொன்னார். அதை யாரும் மறக்கவில்லை. தலைவனாக என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். அறிவுக்காக இல்லை, தொண்டைக்காக. டயர் கடையில் கத்திக் கத்திப் பழகிய தொண்டை.

மெர்ல் முதல் இரண்டு நாள் சுவரோரம் உட்கார்ந்து தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பா நிறைய எலுமிச்சை கேக் செய்து எடுத்துவந்தாள். மேசையில் வைத்துவிட்டு, யாரும் தொடாவிட்டால் எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்பதைப்போலப் பக்கத்திலேயே நின்றாள். பத்து நிமிடத்தில் டப்பா காலி. அதற்குப் பிறகு வாரம் இரண்டு முறை டப்பா வந்தது. ஹீட்டர் பக்கத்து நாற்காலி அவளுடையது என்று ஆனது. பள்ளிக்கூட பஸ் ஓட்டும் ஷரீன் மட்டும் வம்பு இழுத்துக்கொண்டே இருப்பாள்.

"மெர்ல், உன் கேக்கைத் தின்னு தின்னு எனக்குப் பேண்ட் பட்டன் போட முடியல. இங்க ஒரே ஒரு குற்றவாளின்னா அது நீதான்."

"அப்போ நாளைக்குக் கொண்டு வரலை."

"ஏய், நான் தண்டனை இன்னும் சொல்லலையே. கொண்டு வா."

மெர்ல் சிரிப்பாள். பல் தெரியாமல், தோள் மட்டும் குலுங்கும் சிரிப்பு. காலையில் வந்ததும் பதின்மூன்று பேர் "குட் மார்னிங் மெர்ல்" என்பார்கள். அது அவளுக்கு என்னவாக இருந்தது என்று அப்போது எனக்குப் புரியவில்லை. பிணத்தின் படங்களைப் பார்த்துவிட்டு வந்து உட்காரும் அறை அது. நாங்கள் எல்லாம் எப்போது விடுவார்கள் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தோம். ஒருத்தி மட்டும் அது முடிந்துவிடக் கூடாது என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஐந்தாவது வாரம் நாற்பத்தொன்றாம் படம் வந்தது.

சங்கதி இதுதான். டானியா இறந்த வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு, மனைவியைக் காணோம் என்று மெனாடுவே போலீசுக்கு போன் செய்திருக்கிறான். ஒரு இளவயது கான்ஸ்டபிள் நாலரைக்கு வந்து வீட்டையும் பின்கட்டையும் சும்மா நாலு படம் எடுத்துக்கொண்டு போனான். இரவு முழுக்க மழை. மறுநாள் காலை உடல் கிடைத்த பிறகுதான் கொடியில் தொங்கிய துணிகளை எடுத்துப் போனார்கள். அதற்குள் எல்லாம் மழையில் ஊறிவிட்டது. அரசு வக்கீல் படத்தைத் திரையில் பெரிதாகக் காட்டினார். கொடியில் ஒரு ஜீன்ஸ், இரண்டு சட்டை, சாக்ஸ்.

"கல்யாணம் ஆகி பதினோரு வருஷத்துல இந்த ஆள் ஒரு நாள்கூடத் துணி துவைச்சதில்லைன்னு அவரோட சொந்த அக்காவே சொன்னாங்க. அன்னிக்கு மட்டும் மூணு மணிக்கு வீட்டுக்கு வந்து துவைச்சிருக்கார். ஏன்? அந்தத் துணியில எந்த நீர்த்தேக்கத்துச் சேறு இருந்துச்சு?" என்றார் வக்கீல்.

மெனாடு புதன்கிழமையே துவைத்ததாகச் சொல்லியிருந்தான். யார் நம்புவார்கள்? எனக்குப் பக்கத்தில் மெர்லுடைய பென்சில் மட்டும் நின்றுபோனதைப் பார்த்தேன். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் என்ன பார்த்தாள் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியும். உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். ஜீன்ஸைத் தலைகீழாக, கால் ஓரத்தில் க்ளிப் போட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள். அப்படித் தொங்கவிட்டால் தண்ணீரெல்லாம் இடுப்புப் பட்டைக்கும் பை மடிப்புக்கும் இறங்கிவிடும். கால் வெளுத்த பிறகும் அந்த இடம் கருநீலமாகவே நிற்கும். ஆகஸ்ட் மாதத்துக் கின்ராஸில் அது காய முழுசாக இரண்டு நாள் வேண்டும். படத்தில் இருந்த ஜீன்ஸ் இடுப்பும் காலும் ஒரே வெளிர் நீலம். அதோடு ஒரு கால் காற்றில் பக்கவாட்டில் எழும்பி நின்றது. ஈர ஜீன்ஸ் இரும்புபோலத் தொங்குமே தவிரக் காற்றுக்கு எழும்பாது. மூன்று மணிக்குத் துவைத்தது நாலரைக்கு அப்படி இருக்கவே முடியாது. அவன் கொன்றானா இல்லையா என்பது வேறு. அன்றைக்குத் துவைக்கவில்லை. அரசு வக்கீல் தன் வழக்கை அந்தக் கொடியில்தான் மாட்டியிருந்தார்.

அன்று மதியம் சாண்ட்விச் தட்டு வந்தபோது மெர்ல் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ரஸ், அந்தக் கொடிப் படம் இருக்குல்ல, அதுல..."

நான் கையைத் தூக்கினேன். டயர் கடையில் பையன்களை நிறுத்துவதைப்போல. "அதெல்லாம் இப்போ வேணாம், கண்ணு. எல்லாத்தையும் கேட்டு முடிக்கிற வரைக்கும் முடிவு பண்ணக் கூடாதுன்னு ஜட்ஜம்மா சொல்லியிருக்காங்க. நெஞ்சுக்குள்ளயே வெச்சுக்கோ. கடைசியில உள்ள உக்காரும்போது உனக்குத்தான் முதல் வாய்ப்பு. இது என் வாக்கு."

எல்லாரும் கேட்கும்படி சொன்னேன். அவள் முகம் சிவந்துவிட்டது. தப்புச் செய்த பள்ளிப் பிள்ளைபோலத் தலையாட்டிவிட்டு ஹீட்டர் பக்கம் போனாள்.

ஜட்ஜம்மா அப்படிச் சொல்லவே இல்லை. வெளியாட்களோடு பேசக் கூடாது, அறைக்குள் எல்லாரும் இருக்கும்போது உங்களுக்குள் பேசிக்கொள்ளலாம், முடிவை மட்டும் அவசரப்பட்டு எடுக்காதீர்கள் என்றுதான் சொன்னார். பேசவே கூடாது என்பது நான் போட்ட சட்டம். தலைவன் என்று ஒரு பட்டம் கொடுத்தால் என் போன்ற ஆளுக்குத் தலைகால் புரியாது. மற்றவர்கள் அதை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டார்கள், ஷரீன் தினமும் வக்கீல்களைப்போலப் பேசிக் காட்டுவாள். கீழ்ப்படிந்தவள் மெர்ல் ஒருத்திதான்.

எவ்வளவு கீழ்ப்படிந்தாள் என்றால், வீட்டில் எதையும் சோதித்துப் பார்க்கக் கூடாது என்று ஜட்ஜம்மா சொன்னதை எடுத்துக்கொண்டு, அன்றிலிருந்து தன் வீட்டுக் கொடியில் துணி போடுவதையே நிறுத்திவிட்டாள். தன் ஜீன்ஸ் காய்வதைக் கண்ணால் பார்த்தால்கூட அது சோதனை ஆகிவிடுமோ என்று பயம். ஈரத் துணியைச் சமையலறை நாற்காலிகளில் போட்டு, ஹீட்டரை வைத்துக் காயவைத்தாள். பக்கத்து வீட்டுக்காரர் வேலி மேல் எட்டிப் பார்த்து, "என்ன மெர்ல், மெஷின் கெட்டுப்போச்சா? கொடி காலியா ஆடிக்கிட்டு இருக்கு" என்று கேட்டாராம். அவர் ஒரு வருடத்தில் அவளிடம் கேட்ட ஒரே கேள்வி அது. அதற்கும் பதில் சொல்ல முடியவில்லை.

ஜட்ஜம்மாவுக்குச் சீட்டு எழுதி அனுப்பலாம், ஜூரிக்கு அந்த உரிமை உண்டு. மெர்ல் இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் கிழித்திருக்கிறாள். இவ்வளவு படித்தவர்கள், இத்தனை மூட்டைக் காகிதத்தோடு உட்கார்ந்திருப்பவர்கள், இதைப் பார்க்காமலா இருப்பார்கள் என்று நினைத்தாள். எதிர்த்தரப்பு வக்கீல் கடைசிப் பேச்சில் எடுத்து விடுவார், வேண்டுமென்றே வைத்திருக்கிறார் என்று காத்திருந்தாள்.

எதிர்த்தரப்பு வக்கீல் இரண்டு நாள் பேசினார். கொடி பற்றி ஒரே வரி. "ஒரு மனுஷன் தன் துணியைத் தானே துவைக்கிறது குற்றமா?" அவ்வளவுதான். விக் வைத்த அத்தனை தலைகளில் ஒன்றாவது வாழ்நாளில் ஈர ஜீன்ஸைக் கொடியில் போட்டிருக்குமா? எனக்குச் சந்தேகம். நானும் போட்டதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒன்பதாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. மெர்ல் அன்று கேக் டப்பாவோடு வந்தாள். நல்ல நீல ஸ்வெட்டர் போட்டு, தலைமுடியைச் சரிசெய்துகொண்டு வந்திருந்தாள். கையில் மடித்த ஒரு தாள். உள்ளே உட்காரும்போது பேச வேண்டியதை எழுதி வைத்திருந்தாள். அறுபத்தொரு வயதில், பதின்மூன்று பேர் முன்னால் முதல் ஆளாகப் பேசப் போகிறாள்.

"நீ சொன்னியே ரஸ், நான்தான் முதல்ல. ஞாபகம் இருக்கா?"

"ஞாபகம் இல்லாம? வா, முதல்ல ஜட்ஜம்மா சொல்றதைக் கேட்டுட்டு வந்துடலாம்."

டப்பாவை மேசையில் வைத்துவிட்டு மன்றத்துக்குள் போனோம். ஜட்ஜம்மா சட்டத்தையெல்லாம் விளக்கி முடித்தார். அப்புறம் ஒரு ஊழியர் சிறிய மரப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். அதைப் பார்த்ததும்தான் எல்லாருக்கும் முதல் நாள் சொன்னது ஞாபகம் வந்தது. ஜூரிக்கு ஆள் எடுத்த அன்று எங்களுக்குக் கொடுத்த எண்களில் பதின்மூன்று. பெட்டியைக் குலுக்கினார். முதல் சீட்டு நூலகத்தில் வேலை பார்க்கும் பையனுடையது. அவன் மறைக்கத் தெரியாமல் பெருமூச்சு விட்டான். இரண்டாவது சீட்டு ஐம்பத்தேழு.

ஐம்பத்தேழு மெர்ல்.

அவள் எழுந்திருக்கவில்லை. ஊழியர் மறுபடி சொன்னார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். வாய் திறந்தது. அந்த இடத்தில் பேச முடியாது, பேசினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. நான் தோளைக் குலுக்கினேன். நான் செய்தது அதுதான். என்ன செய்வது, அதிர்ஷ்டம், என்பதைப்போல ஒரு தோள் குலுக்கல்.

ஜட்ஜம்மா மிகவும் மரியாதையாக நன்றி சொன்னார். பத்து வருடத்துக்கு ஜூரி வேலைக்குக் கூப்பிடமாட்டோம் என்று, பரிசு கொடுப்பதைப்போலச் சொன்னார். மெர்ல் அந்தத் தாளை ஸ்வெட்டர் கையின் உள்ளே செருகிக்கொண்டு, மெனாடு உட்கார்ந்திருந்த கூண்டைத் தாண்டி வெளியே போனாள். அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தன்னைக் காப்பாற்றக்கூடிய ஒரே ஆள் கதவைத் திறந்து போய்க்கொண்டிருக்கிறாள் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

கேக் டப்பா எங்கள் அறையிலேயே இருந்துவிட்டது. கோட்டையும் பையையும் ஊழியர்தான் எடுத்துக் கொடுத்தாராம். டப்பாவைக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. அன்று மதியம் நாங்கள் அந்தக் கேக்கைச் சாப்பிட்டோம். இதைச் சொல்வது சட்டத்துக்கு விரோதம் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

இரண்டரை நாள் கழித்துத் தீர்ப்பு. ஊருக்கே தெரிந்ததுதான். எழுந்து நின்று "குற்றவாளி" என்று சொன்னது என் வாய். மெனாடுவின் அக்கா போட்ட சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. மெர்ல் அதைச் சலவைக்கூடத்து ரேடியோவில் கேட்டாள். பக்கத்தில் சொல்ல ஆள் இல்லை. யாரிடம் சொல்லலாம், எவ்வளவு சொல்லலாம் என்றும் தெரியவில்லை. ஜூரிகளுக்கு மனக்கஷ்டம் இருந்தால் பேசுவதற்கென்று ஒரு போன் எண் கொடுத்திருந்தார்கள். அதில் கூப்பிட்டிருக்கிறாள். அந்தப் பெண் இதமாக, "எந்தப் படம் உங்க கண்ணுல வந்துக்கிட்டே இருக்கு?" என்று கேட்டாளாம். எல்லாரும் டானியாவின் உடல் என்று சொல்வார்களாக இருக்கும். மெர்ல் "ஒரு ஜீன்ஸ்" என்று சொல்லிவிட்டு, தப்பாகச் சொல்லிவிட்டேனோ என்று பயந்து போனை வைத்துவிட்டாள்.

டப்பாவைக் கழுவி என் வண்டியிலேயே வைத்திருந்தேன். மூன்று வாரம் அது சீட்டுக்கு அடியில் உருண்டுகொண்டிருந்தது. அவள் வீட்டு வாசலை இரண்டு முறை கடந்து போனேன், நிறுத்தவில்லை. நிறுத்தினால் என்ன பேசுவது? ஒன்பது வாரம் பக்கத்தில் உட்கார்ந்த மனுஷியோடு பேச எனக்கும் அவளுக்கும் இருந்த ஒரே விஷயம் பேசக் கூடாத விஷயம்.

மே மாதம் ஒரு சனிக்கிழமை காலை, சூப்பர் மார்க்கெட்டில் உறைந்த பட்டாணிக்குப் பக்கத்தில் நேருக்கு நேர் பார்த்துவிட்டோம். அவள் தள்ளுவண்டியில் ஒரு சின்ன பிரட், ஒரு ஆட்டுக்கறித் துண்டு.

"உன் டப்பா என் வண்டியில இருக்கு, மெர்ல்."

"பரவாயில்ல. நல்லா இருந்துச்சா?"

"துளி மிச்சமில்ல. ஷரீன் டப்பாவையே நக்கினா."

தோள் குலுங்கியது. அப்புறம் நின்றது. தள்ளுவண்டிக் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ரஸ், நீ உள்ள நடந்தது எதையும் சொல்லக் கூடாது, எனக்குத் தெரியும். நான் கேக்கவும் மாட்டேன். ஒண்ணே ஒண்ணு. அந்த ஜீன்ஸை யாராவது பார்த்தீங்களா?"

"என்ன ஜீன்ஸ்?" என்றேன்.

இரண்டே வார்த்தை. சட்டம் மூடி வைக்கச் சொன்னதெல்லாம் அதில் வெளியே விழுந்துவிட்டது. நான் எந்த ரகசியத்தையும் சொல்லவில்லை, ஒரு கேள்விதான் கேட்டேன். மெர்ல் என் முகத்தைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் அந்தப் பட்டாணிப் பெட்டிப் பக்கத்தில் நின்றபடியே, கொடியையும் க்ளிப்பையும் இடுப்புப் பட்டையையும் காற்றுக்கு எழும்பின காலையும் எனக்குச் சொன்னாள். தாளைப் பார்க்கவில்லை, மனப்பாடம். முதல் ஆளாகப் பேசுவதற்காகத் தயார் செய்து வைத்திருந்தது. கேட்க ஒருத்தன்தான் இருந்தான், அதுவும் கையில் பால் கேனோடு.

"அன்னிக்கே சாண்ட்விச் சாப்பிடும்போது சொல்லவந்தேன்" என்று முடித்தாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வீட்டுக்குப் போய் என் ஜீன்ஸை நனைத்துத் தலைகீழாகக் கொடியில் போட்டேன். க்ளெனிஸ் ஜன்னலைத் திறந்து, "டயர் வியாபாரம் படுத்துடுச்சா? லாண்டரி வைக்கப் போறியா?" என்று கேட்டாள். ஒன்றரை மணி நேரத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. மறுநாள் மாலை பை மடிப்பைத் தொட்டுப் பார்த்தேன், ஈரம். மூன்றாம் நாள் காலையில்தான் ஒரு கால் காற்றுக்கு எழும்பியது. நான் கொடிக்கு அடியில் நின்று அதைப் பார்த்தேன். நான் அழுதேன் என்று க்ளெனிஸுக்குத் தெரியும், ஏன் என்று தெரியாது.

ஒரு வக்கீலிடம் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் இரண்டு கையையும் உயர்த்திவிட்டார். "உள்ள என்ன பேசினீங்கன்னு சொல்லாத ரஸ். என்ன பேசலைன்னும் சொல்லாத. ரெண்டும் ஒண்ணுதான்." நான் மெர்லைக் கை உயர்த்தி நிறுத்தியது எப்படி இருந்திருக்கும் என்று அப்போது தெரிந்தது.

மெர்ல் அறைக்குள் போகாதவள். அவளுக்குச் சொல்ல ரகசியமே இல்லை, கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதலாம் என்று யாரோ சொல்லி, மெனாடுவின் வக்கீலுக்கு அந்தத் தாளில் இருந்ததை அப்படியே எழுதி அனுப்பினாள். அவர்கள் மேல்முறையீடு செய்தார்கள். மெல்போர்னில் மூன்று நீதிபதிகள் கேட்டார்கள். தள்ளுபடி ஆகிவிட்டது என்று அடுத்த ஏப்ரலில் பேப்பரில் வந்தது. ஏன் என்று பேப்பரில் போடவில்லை.

அந்த வாரம் மெர்ல் தன் சின்னக் காரை என் கடைக்குக் கொண்டுவந்தாள். முன் டயரில் காற்று குறைகிறது என்றாள். குறையவில்லை. நான் குனிந்து பார்ப்பதைப்போலப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தாள். மெனாடுவின் வக்கீல் மரியாதைக்காக அவளுக்கு அனுப்பியது, உள்ளே மேல்முறையீட்டுத் தீர்ப்பின் நகல். ஒரு பத்தியின் ஓரத்தில் பென்சில் கோடு.

"படிச்சுக் காட்டவா?"

"காட்டு."

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சத்தமாக, நிறுத்தி நிறுத்திப் படித்தாள். நாற்பத்தொன்றாம் படம் ஜூரியின் முன்னால் இருந்தது. அதில் தெரிவது எல்லாம் பன்னிரண்டு பேருக்கும் தெரிந்திருக்கும். அவர்கள் அதைக் கவனமாகப் பார்த்து, எடைபோட்டு, அதன்பின்தான் முடிவுக்கு வந்தார்கள் என்றே நீதிமன்றம் கொள்ள வேண்டும். கொள்ளாமல் இருக்க எந்தக் காரணமும் காட்டப்படவில்லை.

காரணம் டயர் முன்னால் முட்டிபோட்டுக் குனிந்திருந்தது.

மெர்ல் கடிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்து வைத்தாள்.

"நீங்க பன்னிரண்டு பேரும் பார்த்தீங்களாம், ரஸ்" என்றாள். "எழுதியே கொடுத்துட்டாங்க. அப்படின்னா பார்க்காதவ நான் ஒருத்திதான்."

நான் காற்றுக் குழாயை மாட்டி, சரியாக இருந்த டயருக்குக் கொஞ்சம் காற்று பிடித்தேன். அவள் நன்றி சொல்லிவிட்டுக் காரில் ஏறி, சலவைக்கூடத்துக்குத் திரும்பிப் போனாள்.